விண்மீன் தேரையும் நம் கடமையும்

மாரி தொடங்கியதும் ஓர்ஸ் ஹில்லில் இரவெல்லாம் தவளைக் குரல் ஒலிக்கும். சில நாட்களில் மாணவர் குட்டையிற் பிடித்த வாற்பேய்களைப் போத்தலிலிட்டு வகுப்பிற்குக் கொணர்வர். முட்டை, வாற்பேய், தவளை என நாம் கற்பிக்கும் வரிசை அவர்கட்கு மனப்பாடம். எனினும், இவ்வரிசைக்கு அடங்காத சிறு மரத்தேரைகள் 70க்கும் மேற்பட்ட இனங்களாக இலங்கையிற் கண்டறியப்பட்டுள்ளன என்பதை நம்மவருட் பலர் அறியார். அவற்றிற்கு வாற்பேய்ப் பருவமே இல்லை. ஈர மண்ணிலோ இலையிலோ இடப்படும் முட்டையினுள்ளேயே வளர்ந்து, குட்டித் தேரையாகவே அவை வெளிவருகின்றன.

இத்தீவிற் பிறந்த இராணுவ வைத்தியர் கெலார்ட், நம் திருகோணமலைக் கடலின் உயிர்களையும் ஆராய்ந்தவர். அவர் 1853இல் நுவரெலியாவிலிருந்து, மேனியில் விண்மீன்போற் புள்ளிகள் கொண்ட தேரையொன்றை உலகிற்கு அறிவித்தார். பின்னர் 150 ஆண்டுகட்கு மேலாக அதனைக் கண்டார் இலர். அற்றொழிந்ததென்றே அறிஞர் எண்ணினர். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அது மீண்டும் காணப்பட்டது. இத்தகைய பேறு எல்லாவற்றிற்கும் வாய்க்கவில்லை. அதன் சுற்றத்துள் 15க்கும் மேற்பட்ட இனங்கள் மறைந்தேபோயின என்பர்.

காரணம் யாது? முதலிற் கோப்பிக்கும், பின்னர்த் தேயிலைக்குமாக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. மர நிழல் நீங்கின் மண் உலரும். மண் உலரின் முட்டை கருகும். குளத்தைக் காத்தாற் குளத்துத் தவளை பிழைக்கும். இத்தேரைக்கோ காடே குளம்.

தோட்டங்களில் உழைப்போர் மீது பழி சுமத்துவது அறமாகாது. காட்டை வெட்டுவித்தவர் அவரல்லர். அவர்தம் உழைப்பாலன்றோ நாடு பொருளீட்டியது! எஞ்சிய காட்டை இனியும் கூறுபோடாதிருத்தலே அரசின் கடன். நமக்கும் ஒரு கடன் உண்டு. ஆண்டுதோறும் மார்கழி தொட்டு வைகாசி வரை அம்மலையேறும் அடியார் கூட்டத்தில் நம்மூரவரும் உளர். ஈசன் திருவடி பதிந்ததென நாம் போற்றும் மலையிற் பொலித்தீன் பைகளை எறிந்து வருதல் எவ்வகை வழிபாடு?

பழைய மாணவர்களே, உங்களுட் பலர் இன்று ஆசிரியர், அதிகாரிகள், பெற்றோர். கல்லூரி விழாக்காணும் இவ்வேளையில் ஒன்று வேண்டுகிறேன். நம் பிள்ளைகட்குக் குட்டைத் தவளையோடு காட்டுத் தேரையின் கதையையும் சொல்லுங்கள். பெயரறியாத உயிர் மறைந்தால், அதற்காக இரங்குவாரும் இரார்.