பையன் எங்க இருக்கான்?

தருமபுரி மாவட்டத்து இண்டூர்ப் பக்கம் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி, "பையன் என்ன பண்றான்?" என்பதல்ல. "பையன் எங்க இருக்கான்?" என்பதுதான். "பெங்களூர்ல" என்று பதில் வந்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. எந்தக் கம்பெனி, என்ன வேலை, ஓர் அறையில் எத்தனை பேரோடு படுக்கிறான் என்பதெல்லாம் காபி குடித்த பிறகு விசாரித்துக்கொள்ளலாம். "இங்கயேதான்" என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு பெரியவர் ஒருவர், "ஏம்பா, வேற எங்கயும் முயற்சி பண்ணலியா?" என்பார்.

ஊரை விட்டுப் போக மனமில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், "ஊரா சோறு போடும்? வேலைதான் முக்கியம்" என்று புத்தி சொல்கிறவர்களும் இவர்களேதாம். இடம் முக்கியமில்லை என்கிறவர்கள் ஏன் இடத்தை முதலில் கேட்கிறார்கள்? அவர்களுக்கும் இடம்தான் பெரிது. அது இண்டூராக மட்டும் இருக்கக் கூடாது, அவ்வளவே. வேலையில் திருப்தி என்று நாம் மரியாதையாகச் சொல்லிக்கொள்வதில் முக்கால்வாசி, ஒரு பெரிய ஊரின் பெயரைச் சொல்லிக்கொள்ளும் திருப்தி.

மழை பொய்த்து, போர் வற்றி, மேஸ்திரியின் பின்னால் கட்டட வேலைக்குப் பஸ் ஏறுகிறவர்களை நான் சொல்லவில்லை. எதை எதோடு எடை போடுவது என்று யோசிக்கிற வசதியே அவர்களுக்கு இல்லை. ராக்கெட் செய்ய ஆசைப்படுகிற பெண்ணும் கிளம்பத்தான் வேண்டும். இண்டூரில் இஸ்ரோ கிடையாது. படித்து, கையில் ஒரு தொழிலை வைத்துக்கொண்டு, ஊரையும் விரும்பி, அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்களே, அவர்களை வெட்கப்பட வைத்தவர்களோடுதான் என் சண்டை.

இந்த வெட்கம் பழையது. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மேலதிகாரி மிரட்டினால் ஊழியர்கள் மனதில் வந்து நிற்பவற்றில் எங்கள் மாவட்டமும் ஒன்று. இண்டூர் வழியாகப் பென்னாகரம் தாண்டிப் போனால் ஒகேனக்கல்லில் காவிரி கொட்டுகிறது. ஆனாலும் எங்கள் ஆட்கள் ஃபுளோரைடு கலந்த போர்த் தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறை ஏற்றிக்கொண்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வர 2013 ஆயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், தமிழ்நாட்டிலேயே கடைசி. இப்படிப்பட்ட ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். வந்த வாத்தியார் மாறுதலுக்கு அலைவார், படித்த பிள்ளை பெங்களூர் பஸ்ஸில் ஏறுவான் என்றால் வேறு என்ன இருக்கும்?

இதே மாவட்டத்தில், அரூருக்கு அந்தப் பக்கம், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங் என்று ஒரு பள்ளத்தாக்கு. 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்று இரண்டு டாக்டர்கள் அங்கே ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். கணவன் மனைவி, கேரளத்துக்காரர்கள், அதற்கு முன் காந்திகிராமத்தில் வேலை பார்த்தவர்கள். அப்போது அந்த மலையில் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஒரு வயதைப் பார்ப்பதில்லை. ஊர் மக்கள் கட்டிக்கொடுத்த கூரைக் கொட்டகைதான் ஆஸ்பத்திரி. திருப்தியான வேலை ஒன்று சிட்லிங்கில் காலியாக இருக்கிறது என்று எந்தப் பேப்பரிலும் விளம்பரம் வந்திருக்காது. அவர்கள் போய் உட்கார்ந்த பிறகுதான் அப்படி ஒரு வேலை உண்டாயிற்று.

"டாக்டருக்கென்ன, எங்க போனாலும் பிழைப்பு" என்பீர்கள். சரி, டாக்டர்களை விடுங்கள். அந்த மலைக் கிராமத்துப் பெண்களே பயிற்சி பெற்று நர்ஸ் ஆனார்கள். பிரசவம் பார்த்தார்கள், ஆபரேஷனுக்குக் கூட நின்றார்கள். சிசு மரணம் பல மடங்கு குறைந்தது. பிறகு உழவர்கள் இயற்கை வேளாண்மைக்காகச் சங்கமாகச் சேர்ந்தார்கள். மறந்துபோகவிருந்த தங்கள் பூத்தையலை லம்பாடிப் பெண்கள் திரும்ப எடுத்து, 'போர்கை' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமிதம் என்று பொருள். இந்தப் பெண்கள் யாருக்கும் ஊரா வேலையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி நேரவில்லை.

கடல் கடந்தாவது பொருள் தேடச் சொல்கிறதே கொன்றை வேந்தன் என்று ஒரு தமிழாசிரியர் என்னை மடக்கினார். தேடச் சொன்னதுதான், அங்கேயே தங்கிவிடச் சொன்னதாகத் தெரியவில்லை. தவிர, அதைப் பாடிய ஔவை பிற்காலத்தவர். நம் தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவர் வேறு ஔவை. அவரும் வெளியூர் போனார், தொண்டைமானிடம், தூதாக. அது தகடூருக்காகப் போனது.

போனவர்கள் ஊரை வெறுத்துப் போகவில்லை என்பதுதான் இதில் கொடுமை. பொங்கலுக்கு முந்தின ராத்திரி கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வந்து பாருங்கள், எத்தனை வண்டி. நாலு நாள் ஊர்ச்சோறு தின்ன அத்தனை பேரும் விடிய விடிய ஊர்ந்து வருகிறார்கள். "ரிடையர் ஆனதும் வந்துடுவேன்" என்கிறார்கள். அந்த நாலு நாளுக்காகத்தான் வருஷம் பூராவும் உழைக்கிறோம் என்று அவர்களே சொல்வார்கள். வாடகையைக் கழிக்கத் தெரிந்தவர்கள், சம்பளக் கணக்கில் இதை எந்தப் பத்தியில் எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை.

இண்டூர்க்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை சம்பந்தம் பேசும்போது பையன் என்ன பண்றான் என்று முதலில் கேளுங்கள். பதிலை முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை, எங்கே என்று கேட்காதீர்கள்.