முட்டாள்கள் என்று சொல்லுமுன்

பேய் இல்லாத பேய்ப்படம் ஒன்று உண்டு. 'தி சாக்ரமென்ட்' என்று பெயர். கத்தோலிக்கர்கள் அருட்சாதனம் என்பார்களே, அந்தச் சொல்தான். டி வெஸ்ட் என்ற அமெரிக்கர் இயக்கி, 2013இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. பெரிய நட்சத்திரம் கிடையாது, மாய மந்திரம் கிடையாது. காட்டுக்கு நடுவே ஒரு சாமியார் கூட்டம், அதைப் படம் பிடிக்கப் போகும் மூன்று இளைஞர்கள், ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் காலை. அவ்வளவுதான் படம். நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் தயவில் நானும் பார்த்தேன். பார்த்தவர்களையெல்லாம் பிடித்து வைத்து அபிப்பிராயம் கேட்டேன். கிடைத்தவற்றில் சிலவற்றை ஒப்புக்கொள்கிறேன், சிலவற்றுக்குப் பதில் வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் எனக்கு அறவே ஒப்பவில்லை.

முதலில் படத்தின் ஜாதி என்னவென்று சொல்லிவிடுகிறேன். கதாபாத்திரங்களே கேமராவைத் தூக்கிக்கொண்டு எடுத்தது போலவும், பிற்பாடு அது யார் கையிலோ கிடைத்தது போலவும் காட்டுகிற வகை. 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' என்கிறார்கள். படம் ஆடும், சாயும், பாதி முகம்தான் தெரியும். எங்கள் ரயில்வேயில் விபத்து என்றால் என்ஜினிலிருக்கும் வேகப்பதிவுச் சுருளை எடுத்துப் பத்திரப்படுத்துவோம். அதில் கோடு கோணலாக இருக்கிறதே என்று யாரும் குறை சொல்வதில்லை. அதே மாதிரிதான் இதுவும். 1999இல் வந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' சொற்பச் செலவில் எடுக்கப்பட்டு 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்த பிறகு, கையில் கேமரா உள்ளவரெல்லாம் காட்டுக்குள் ஓட ஆரம்பித்தார்கள்.

இனி கதை. போதைப் பழக்கத்திலிருந்து மீள ஒரு கூட்டத்தில் சேர்ந்த தங்கை, இப்போது அயல்நாட்டுக் காட்டில் இருக்கிறேன், வந்து பார் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அண்ணன் புகைப்படக்காரன். செய்தி நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு நண்பர்களுடன் ஹெலிகாப்டரில் போய் இறங்குகிறான். வாசலில் துப்பாக்கிக்காரர்கள். உள்ளே தோட்டம், மருத்துவசாலை, சிரித்த முகங்கள். கிழவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள். எல்லோரும் 'ஃபாதர்' என்று அழைக்கும் குருவை இரவு எல்லார் முன்னிலையிலும் பேட்டி எடுக்கிறார்கள். மறுநாள் காலை சிலர், எங்களையும் அழைத்துப் போய்விடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். அதன் பிறகு விஷம்.

முதல் அபிப்பிராயம், என் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது: "சுடுகிறார்கள், ஓடாமல் படம் எடுத்துக்கொண்டிருக்கிறானே, எந்த மடையன் அப்படிச் செய்வான்?" இந்த வகைப் படம் எல்லாவற்றுக்கும் விழுகிற கேள்விதான். ஆனால் இந்தப் படத்துக்கு மட்டும் அதற்குப் பதில் சரித்திரத்திலேயே இருக்கிறது. கதை 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவில் கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனில் நடந்ததைத் தழுவியது. ஜிம் ஜோன்ஸ் என்ற பாதிரியாரின் 'பீப்பிள்ஸ் டெம்பிள்' கூட்டத்தை விசாரிக்க லியோ ரயன் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் போயிருந்தார். பத்திரிகைக்காரர்களும் கூடவே போனார்கள். திரும்பும் வேளையில் போர்ட் கைட்டுமா விமான ஓடுதளத்தில் கூட்டத்தின் ஆட்கள் சுட்டார்கள். என்.பி.சி. தொலைக்காட்சியின் கேமராக்காரர் பாப் பிரவுன் ஓடவில்லை. சுடுகிறவர்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தார். குண்டு பட்டு விழும்வரை கேமரா ஓடியது. ரயனும் அவரும் சேர்த்து அங்கே ஐந்து பேர் செத்தார்கள். அந்தப் படச்சுருள் இன்றும் இருக்கிறது. ஆகவே 'எந்த மடையன்' என்று கேட்பவர்கள் அந்தச் சொல்லைக் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, "முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை" என்பது. பேய் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். என்னைக் கேட்டால், படத்தில் உருப்படியானதே அந்த ஒரு மணி நேரம்தான். ஃபாதராக வரும் ஜீன் ஜோன்ஸ், 2007இல் வந்த ஒரு பெரிய படத்தில் பெட்ரோல் பங்க் கிழவராகச் சில நிமிடமே வந்து பெயர் வாங்கியவர். இதில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல், தாத்தா பேரனிடம் பேசுவது போல் பேசுகிறார். பேட்டி காண வந்தவனிடமே அவன் மனைவி கர்ப்பமாயிருப்பதைப் பற்றி விசாரிக்கிறார். வார்த்தை எல்லாம் கரிசனம்தான். கேட்கிற நமக்குத்தான் முதுகில் சில்லென்கிறது. இதைப் பார்த்து, "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்பவர்கள் நாற்காலி பறந்தால்தான் நடந்ததாக ஒப்புக்கொள்வார்கள் போலிருக்கிறது.

மூன்றாவது குறையில் நியாயம் உண்டு. நிஜமாகச் செத்த மனிதர்களின் துயரத்தை எடுத்துத் திகில் வியாபாரம் பண்ணலாமா என்பது அது. ஜோன்ஸ்டவுனில் மட்டும் 909 பேர். ஓடுதளத்திலும் தலைநகர் ஜார்ஜ்டவுனிலும் இறந்தவர்களைச் சேர்த்தால் 918. அதில் 300க்கு மேல் சிறுவர், சிறுமியர். அவர்களுக்காக அழ இன்னும் உறவினர்கள் இருக்கும்போது, பெயரையும் காலத்தையும் மாற்றி, கூட்டத்தைச் சிறிதாக்கி, கடைசி அரை மணி நேரத்தில் ஒவ்வொரு சாவையும் நிதானமாகக் காட்டியிருக்கிறார்கள். எனக்கும் அந்த இடத்தில் பிடிக்கவில்லை. பாதியில் எழுந்து போன மாமி ஒருவர், "நடந்ததைக் காட்டணும்னா நடந்ததாவே காட்டட்டுமே" என்றார். சரியான பேச்சு.

நான்காவது அபிப்பிராயம்தான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. வயது வித்தியாசமில்லாமல் அநேகமாக எல்லோரும் சொன்னது: "முட்டாள்கள். குடி என்றால் குடிப்பார்களா?"

இதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொலவடையே உண்டாகிவிட்டது. நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் குர்கான், நொய்டா கம்பெனிகளில், மேலதிகாரி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை 'கூல்-எய்ட் குடித்தவன்' என்று கேலி செய்கிறார்கள். அது பிறந்தது ஜோன்ஸ்டவுனில்தான். சயனைடு கலந்த பழரச பானம் பெரும்பாலும் 'ஃப்ளேவர் எய்ட்' என்ற வேறு சரக்கு என்பது ஒருபுறம் இருக்கட்டும். தாங்களாக விரும்பி வாங்கிக் குடித்தார்கள் என்ற எண்ணமே பாதிப் பொய். முதலில் குழந்தைகளைத்தான் வரிசையில் கொண்டுவந்தார்கள். ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயில் பீய்ச்சினார்கள். சுற்றிலும் ஆயுதம் ஏந்திய காவல். பிள்ளை போன பிறகு எந்தத் தாய் எதற்காக மறுப்பாள்?

மறுத்தவர்களும் இருந்தார்கள். அன்று நடந்த கடைசிக் கூட்டத்தின் ஒலிநாடா, சுமார் 45 நிமிடம், காவல்துறையிடம் சிக்கியது. நிஜமாகக் 'கண்டெடுக்கப்பட்டது' என்றால் அதுதான். அதில் கிறிஸ்டின் மில்லர் என்ற பெண்மணி எழுந்து நின்று ஜோன்ஸுடன் வாதாடுகிறார். ரஷ்யாவுக்குப் போகலாமே என்கிறார், குழந்தைகள் வாழ வேண்டாமா என்கிறார். மற்றவர்கள் கூச்சல் போட்டு அவரை அடக்குகிறார்கள். அவரும் அன்று பிழைக்கவில்லை. படத்தில் ஒரு சீட்டு ரகசியமாகக் கைமாறுகிறதே, அதுவும் நடந்ததுதான். சீட்டைக் கொடுத்தவர் ஓடுதளத்தில் குண்டடி பட்டும் பிழைத்தார். ஜோன்ஸ்டவுனில் விட்டுவந்த அவருடைய ஐந்து வயது மகன் பிழைக்கவில்லை.

படத்தின் பெரிய குறை ரத்தமும் அல்ல, கேமரா ஆட்டமும் அல்ல, காலக்கணக்குதான். வெளியிலிருந்து வந்த மூவரின் கேமராவுக்குள் ஒரு நாள்தான் அடங்கும். ஜோன்ஸ் தன் சபையை இண்டியானாபொலிஸ் நகரில் ஆரம்பித்தது 1955இல். இருபத்து மூன்று வருஷக் கதை அது. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒரே கோயிலில் இடமில்லாத காலத்தில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்த சபை. இலவசச் சாப்பாடு, முதியோர் இல்லம், போதைக்கு அடிமையானவர்களுக்கு மறுவாழ்வு, எல்லாம் நடத்தினார்கள். 1965இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பிறகு சம்பளம், வீடு, ஓய்வூதியம் என்று ஒவ்வொன்றாகச் சபைக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1977இல் கூட்டம் கூட்டமாகக் கயானாவுக்குப் போனார்கள். அங்கே பாஸ்போர்ட் பறிபோனது, கடிதங்கள் தணிக்கையாயின, ஒலிபெருக்கியில் அவர் குரல் ஓயாமல் கேட்டது. சுற்றிலும் காடு. இதில் எந்தப் படியில் நீங்கள் இறங்கியிருப்பீர்கள்? முதல் படியில் இறங்கக் காரணமே இல்லை. கடைசிப் படியில் இறங்க வழி இல்லை.

இன்னொன்று, ஒத்திகை. நடுராத்திரியில் எல்லோரையும் கூட்டி, எதிரி வந்துவிட்டான், சாகத் தயாராகுங்கள் என்று பலமுறை பழக்கினார்கள். ஒருமுறை பானத்தைக் கொடுத்துக் குடித்த பிறகு, இது சோதனைதான், விஷமில்லை என்று சொன்னார்கள். விபத்து நிவாரண ரயிலுக்கான சங்கு ஊதினால் லோகோ ஷெட்டில் நாங்கள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுவோம். நிஜமா, ஒத்திகையா என்று யாரும் நின்று கேட்பதில்லை. கேட்காமல் ஓட வைப்பதற்குத்தான் ஒத்திகையே. உயிரைக் காப்பதற்கு நாங்கள் பழகியதை அந்த மனிதர் எதற்குப் பயன்படுத்தினார் என்று யோசித்தபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படத்தில் ஒத்திகை என்ற பேச்சே எடுபடவில்லை. ஆகவே பார்ப்பவருக்கு, நேற்று வரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இன்று ஒரு சொல்லுக்குச் செத்தார்கள் என்றுதான் படும். நாமும் மூவரோடு ஹெலிகாப்டரில் இறங்கி, ஹெலிகாப்டரிலேயே தப்பித்து வந்துவிடுகிறோம். மேலேயிருந்து பார்த்தால் கீழே உள்ளவர்கள் எல்லாரும் முட்டாள்களாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன?

"அதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாச்சாரம்" என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். அவர் டில்லிக்கு வந்து முப்பது வருஷமாகிறது. 2018 ஜூலை 1ஆம் தேதி காலை புராரியில் ஒரே வீட்டில் 11 பேர், மூன்று தலைமுறை, இறந்து கிடந்ததை அவருக்கு நினைவூட்டினேன். கடை வைத்திருந்த கண்ணியமான குடும்பம், பிள்ளைகள் படித்தவர்கள். செத்துப்போன பெரியவர் சொல்வதாக வருஷக்கணக்கில் எழுதிவைத்த நோட்டுகள் கிடைத்தன. கட்டளையிட ஒரு காடு வேண்டியதில்லை, ஒரு கூடம் போதும். அங்கேயும் ஒரு கேமரா உண்டு. முந்திய இரவு அந்த வீட்டார் முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு வருவது தெருவிலிருந்த கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. அவசரமில்லை, அழுகையில்லை, கல்யாணத்துக்குச் சாமான் எடுத்துப் போகிற மாதிரி. அப்போதும் தொலைக்காட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள்? வீட்டுச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த குழாய்களை எண்ணி 11 என்று கண்டுபிடித்து மாந்திரீகம் என்றார்கள். காற்றோட்டத்துக்கு வைத்த குழாயாக இருக்கலாமே என்று கேட்க ஒரு டிப்ளமாக்காரன் கூடவா அந்தத் தெருவில் இல்லை!

நான் இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் இன்று புனாவிலும் ஐதராபாத்திலும் பெங்களூரிலும் தனி அறையில் இருக்கிறார்கள். நாம் ஊரைவிட்டு வந்தபோது கரோல்பாகில் ஒரு மெஸ் இருந்தது, சாயங்காலம் தமிழ் பேச நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை யாராவது அன்பாக, "சாப்பிட்டாயா, வாயேன்" என்று கூப்பிட்டால் போகத்தான் போவார்கள். தியானமோ, தன்னம்பிக்கை வகுப்போ, பணம் இரட்டிப்பாக்கும் கூட்டமோ, கூப்பிடும் குரல் ஒன்றுதான். போன இடம் சரியில்லை என்று ஒருநாள் அவர்களுக்கே தெரியும். அன்று வீட்டுக்கு போன் செய்ய வேண்டுமே? கூடத்தில் நம்மோடு உட்கார்ந்து படம் பார்த்தபோது, "இதில் சேருகிறவன் முட்டாள்" என்று நாம் சொன்னது அவர்கள் காதில் இருக்கும். அப்பாவிடம் முட்டாள் பட்டம் வாங்குவதைவிட இங்கேயே இருந்துவிடலாம் என்று ஒரு பிள்ளை நினைத்தால், அவனை மறுபடி உள்ளே தள்ளிய கை யாருடையது?

படம் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சிறு பிள்ளைகளோடு வேண்டாம். வயது வந்தவர்களோடு தாராளமாகப் பாருங்கள். பேட்டிக் காட்சிக்குப் பிறகு நிறுத்தி, இந்த இடத்தில் நீயாயிருந்தால் அந்த மனிதரை நம்பியிருப்பாயா என்று கேட்டுப் பாருங்கள். பிறகு, 2006இல் ஸ்டான்லி நெல்சன் எடுத்த 'ஜோன்ஸ்டவுன்' ஆவணப்படத்தையும் தேடிப் பிடியுங்கள். அதில் உயிர் தப்பியவர்கள், ஏன் சேர்ந்தோம் என்று தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். கோயிலில் எல்லோரும் கைதட்டிப் பாடும் பழைய காட்சிகளும் வருகின்றன. எங்கள் வீட்டில் அதைப் போட்டபோது, முதலில் "முட்டாள்கள்" என்று சொன்ன பேரன் அந்தப் பாட்டுக்குக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.