பெயிண்ட் காண்ட்ராக்டருக்கு எது விளம்பரம்?



பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்த ஒருவன் இப்போது பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான். கையில் ஆறு ஆட்கள். வீட்டு நகையை அடகு வைத்து இரண்டு லட்சம் புரட்டி, ஊர் முழுக்க ஃபிளக்ஸ், ஃபேஸ்புக் விளம்பரம், காசு கட்டினால் வாடிக்கையாளர் நம்பர் தரும் செயலி என்று இறங்கப் போகிறானாம். "சரியா வருமா சார்?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் பிள்ளைகள் இன்னும் சிலர் இதே தொழிலில் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை வாங்கும் இடத்தில் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அதனால் காரணத்தை இங்கேயே எழுதுகிறேன்.

அந்த மாதிரிச் செயலிகளில் ஒரே நம்பர் நாலைந்து காண்ட்ராக்டர்களுக்குப் போகும். வீட்டுக்காரர் எல்லோரிடமும் ரேட் கேட்பார். குறைத்துச் சொன்னவனுக்கு வேலை. குறைத்ததை அவன் எங்கே ஈடு கட்டுவான்? இரண்டு கோட்டு பட்டி ஒன்றாகும், ப்ரைமர் பேருக்கு ஓடும், எமல்ஷனில் தண்ணீர் கூடும். அடுத்த ஐப்பசி மழையில் சுவரே சொல்லிவிடும். விளம்பரத்துக்குப் போட்ட காசில் கெட்ட பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

இந்தத் தொழிலில் சண்டை பெரும்பாலும் அளவில்தான் வருகிறது. 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் மனதில் இருப்பது தரையின் 120 சதுர அடி. நாலு சுவர் மட்டும் 440. கதவு 3க்கு 7, ஜன்னல் 4க்கு 4 கழித்தால் 403. மேல்தளம் 120 சேர்த்தால் 523. சதுர அடிக்கு 20 ரூபாய் என்று வாயால் பேசி முடித்தால், அவர் 2,400 என்று நினைத்திருப்பார், இவன் 10,460 கேட்பான். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தெருவில் இவனுக்கு "ஏமாத்துக்காரன்" என்று பெயர். இதை எட்டாம் வகுப்பிலேயே நடத்தினோம், நாற்சுவர்ப் பரப்பு என்று!

ஆகவே நான் சொன்ன முதல் விளம்பரம் ஒரு டேப்பும் ஒரு தாளும். வீட்டுக்காரரைக் கூட வைத்துக்கொண்டு அள. எந்தச் சுவர் எத்தனை சதுர அடி, பட்டி எத்தனை கோட்டு, என்ன ப்ரைமர், எந்தக் கம்பெனியின் எந்த எமல்ஷன், எத்தனை நாள், பணம் எத்தனை தவணை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. எது சேராது என்பதையும் எழுது: கிரில், கதவு, சாரம் கட்டும் கூலி. ஏஷியன் பெயிண்ட்ஸ், பெர்ஜர் போன்ற கம்பெனிகள் சொந்தமாகவே வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துத் தரும் சேவை நடத்துகின்றன. அவர்கள் செய்வதும் இதுதான். அளந்து எழுதிக் கொடுக்கிறார்கள். நம் ஆளிடம் இல்லாத மந்திரம் எதுவும் அதில் இல்லை.

இரண்டாவது, முடியாது என்று சொல்லத் தெரிய வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று ஈரம் காயாத பூச்சின் மேல் அடித்தால் அது உரியத்தான் செய்யும். ஓதம் ஏறும் சுவரில் எந்தப் பெயிண்டும் நிற்காது. முதலில் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும். வேலை கைவிட்டுப் போனாலும் இதைச் சொல்கிறவனை அந்த வீட்டுக்காரர் நாலு பேரிடம் சொல்வார்.

பக்கெட்டில் பெயிண்டருக்கு வரும் டோக்கன், இப்போது ஸ்கேன் செய்தால் ஏறும் பாயிண்ட், இதைப் பற்றியும் கேட்டான். வாங்கிக்கொள்ளட்டும், தப்பில்லை. பாயிண்டுக்காகச் சுவருக்குப் பொருந்தாத பெயிண்டைச் சொன்னால் மட்டும் அவன் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான், வீட்டுக்காரருக்கு அல்ல.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு அறையின் ஷேடு நம்பர், பெயிண்டின் பெயர், அடித்த தேதி, தன் போன் நம்பர் எழுதிய தாளை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டச் சொன்னேன். இரண்டு வருடம் கழித்து ஒரு சுவரை மட்டும் சரிசெய்ய நினைக்கும்போது அந்த நம்பர்தான் கண்ணில் படும். முதல் மழை முடிந்ததும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கூகுள் மேப்பில் பெயரைச் சேர்க்கக் காசு கிடையாது, அதைச் செய்யட்டும்.

அந்த இரண்டு லட்சம் கையில் இருந்தே தீர வேண்டுமென்றால் ஆட்களுக்காக இருக்கட்டும். மழைக்காலத்தில் வெளிவேலை நின்றுவிடும். அந்த இரண்டு மாதம் கையில் கொஞ்சம் கொடுத்துத் தாங்காதவனிடம் நல்ல கைவேலைக்காரன் பொங்கல் சீசனில் நிற்க மாட்டான். ஆள் இல்லாமல் வேலை பிடித்து என்ன பிரயோஜனம்? அபார்ட்மென்ட் வேலைக்குப் போனால் கயிறு, பெல்ட் செலவு உண்டு. ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் செய்ய வேண்டும். மெட்டீரியலோடு வேலை எடுத்தால் அந்தத் தொகை சீக்கிரம் வந்துவிடும்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் ஒன்று. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, ஜன்னல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதைத் தேய்க்கும்போது குழந்தைகளை வேறு இடத்துக்கு அனுப்புங்கள். தேய்க்கிறவருக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்; அந்தச் செலவையும் அவன் தலையில் கட்டாதீர்கள்.

மதிப்பீட்டுத் தாள் ஒரு மாதிரி போட்டு அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களும் கேளுங்கள், அனுப்புகிறேன். பொங்கலுக்கு அடிக்க நினைப்பவர்கள் கார்த்திகையிலேயே ஆள் சொல்லி வையுங்கள், மார்கழி பாதியில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.