பகலில் தூங்குகிற பெண்



போன தடவை வெயில் காலத்து வற்றல், வடாம் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை அடுப்பங்கரையை விட்டு, எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். சத்தம் போடாமல் வாருங்கள். உள்ளே என் நாத்தனார் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

காலை 11 மணிக்கு என்ன தூக்கம் என்று கேட்கிறீர்களா? பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்டதற்கு இன்றைக்கு வரை வெட்கப்படுகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் நாத்தனார் நாடகக்காரி. எங்கள் மதுரைப் பக்கம் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதி வைத்துவிட்டுப் போன ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ எல்லாம் இன்றும் கிராமத்து மேடைகளில் நடக்கின்றன. இதில் ஒரு விசேஷம். ஒரே கம்பெனியாகச் சேர்ந்து போகிறவர்கள் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. கொட்டகைக்குள் முகத்துக்குப் பவுடர் போடும்போதுதான் இன்றைக்கு முருகன் யார், நாரதர் யார் என்று பார்த்துக்கொள்வார்கள். பாட்டும் தர்க்கமும் மனப்பாடமாக இருப்பதால் ஓடுகிறது.

இவள் ஸ்திரீபார்ட். சாயங்காலம் 5 மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். இரண்டு பஸ் மாறி, கிராமத்துக்குப் போய்ச் சேர ராத்திரி 9 ஆகிவிடும். 10 மணிக்கு பபூன் மேடை ஏறுவார். வள்ளி வர நள்ளிரவு தாண்டிவிடும். அப்புறம் நாரதரோடு தர்க்கம், முருகனோடு தர்க்கம் என்று கிழக்கு வெளுக்கிற வரைக்கும் நின்றுகொண்டே பாடவேண்டும். முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி மேக்கப்பைத் துடைத்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வர 8 மணி, 9 மணி. அன்றைக்குச் சாயங்காலமே வேறு ஊர். இன்று ராமநாதபுரம் பக்கம் என்றால் நாளை திண்டுக்கல் பக்கம். பங்குனி, சித்திரை, வைகாசியில் இப்படித் தொடர்ந்து வரும். அந்த மாதங்களில் சம்பாதித்தால்தான் மற்ற மாதங்களில் உலை கொதிக்கும்.

அவள் வீட்டுக்காரர் மிருதங்கம் வாசிக்கிறவர். அவருக்கும் ராத்திரி வேலைதான். ஆகவே குழந்தை பிறந்ததும் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தார்கள். குழந்தைக்கு 8 மாதம் ஆனபோது மறுபடி மேடை ஏறினாள். “மதினி, நீங்க இருக்கிற தைரியத்துலதான் போறேன்” என்று குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டேன். அதில் குறை வைக்கவில்லை. ஆனால் அவள் காலையில் வந்து படுத்தால் மட்டும் எனக்கு என்னமோ போல இருக்கும். வீட்டுப் பெண் பட்டப்பகலில் கால் நீட்டிப் படுத்தால் லட்சுமி தங்கமாட்டாள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார்களே! பக்கத்து வீட்டு அக்கா வேறு, “என்ன, இந்நேரம் வரைக்குமா தூக்கம்?” என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். எனக்கு மானம் போகும். “ஏம்மா, எழுந்து இந்தக் கத்தரிக்காயையாவது நறுக்கிக் கொடேன்” என்று 10 மணிக்கே எழுப்பிவிடுவேன். மறுபேச்சுப் பேசாமல் எழுந்து வருவாள்.

ஒரு சித்திரை மாதம். தொடர்ந்து ஐந்து ராத்திரி நாடகம். ஆறாம் நாள் காலையில் வந்தவளிடம், “குழந்தையைக் கொஞ்சம் பிடி, நான் குளித்துவிட்டு வருகிறேன்” என்று கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள், அப்படியே கண் அசந்துவிட்டாள். குழந்தை நழுவி வாசற்படியில் விழுந்துவிட்டது. வீல் என்ற சத்தம் கேட்டு ஈரப்புடவையோடு ஓடி வந்தேன். குழந்தையின் நெற்றியில் ரத்தம். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, “நான் தூங்கலை மதினி, கண்ணை மூடினேன், அவ்வளவுதான்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடவுள் புண்ணியத்தில் இரண்டு தையலோடு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது பார்க்கிறேன், அவள் வீட்டுக்காரர் கூடத்தில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். அவரும் அதே ஊரில், அதே நாடகத்தில் வாசித்துவிட்டு, அதே பஸ்ஸில் வந்தவர். இத்தனை அமளியிலும் யாருக்கும் அவரை எழுப்பத் தோன்றவில்லை. நானே கூடத்து விளக்கை அணைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன்!

அன்று ராத்திரி என் மாமியாரிடம் இதைச் சொன்னேன். மாமனார் அந்தக் காலத்தில் ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடினவர். மாமியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “உங்க மாமா காலையில வந்து படுத்தார்னா, உலக்கைச் சத்தம் கேட்கக்கூடாதுன்னு பக்கத்து வீட்டு முற்றத்துல போய் நெல்லு குத்துவேன். பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பிடுவேன். பெத்த பொண்ணுக்குச் செய்யணும்னு எனக்கும் தோணலையே!” என்றார்.

பாருங்கள், ராத்திரி வேலைக்காரர்களைப் பகலில் தூங்க வைக்கிற வித்தை எங்கள் வீட்டுக்குத் தெரியாதது இல்லை. அதை ஆண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு வீட்டில் சில ஏற்பாடுகள் செய்தோம். உங்கள் வீட்டிலும் ராத்திரி வேலைக்கோ தூரத்து வேலைக்கோ போகிற பெண் இருந்தால் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலாவது, தூக்கம். பெரியவர்களுக்கு நாளுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். பின்கட்டு அறை ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வையைத் திரையாகக் கட்டினேன். காலையில் வந்ததும் வெந்நீரில் ஒரு குளியல், இரண்டு இட்லி அல்லது ஒரு தம்ளர் கஞ்சி. வயிறு முட்டச் சாப்பிட்டால் நெஞ்சு எரிந்து தூக்கம் கெடும். ஒன்பதரைக்குப் படுத்தால் இரண்டரை வரைக்கும் யாரும் அந்தக் கதவைத் தட்டக்கூடாது. செல்போன் என் அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் இருக்கும். மீதித் தூக்கத்தை நாடகம் இல்லாத ராத்திரியில் ஈடுகட்டுவாள். கொட்டகையில் டீ கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ராத்திரி 2 மணிக்கு மேல் டீ வேண்டாம் என்று நிறுத்தியதில் பகல் தூக்கம் நன்றாக வருகிறது.

இரண்டாவது, கண் விழித்து வந்தவர் கையில் உடனே கைக்குழந்தையைக் கொடுக்காதீர்கள். மடியில் போட்டுக்கொண்டு அசந்து போவது எவ்வளவு ஆபத்து என்று அனுபவித்துச் சொல்கிறேன். அதேபோல, பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளே ஸ்கூட்டர் ஓட்டி வருவதையும் நிறுத்தினோம். என் வீட்டுக்காரர் போய் அழைத்து வருவார்.

மூன்றாவது, இளம் தாய்மார்களுக்கு. பால் கொடுக்கிற நாளில் இவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மேடையில் நிற்கும்போதே மார்பு கட்டிக்கொண்டு ஜுரம் அடிக்கும். கொட்டகை மூலையில் புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பாலைப் பீய்ச்சி, வைத்துக்கொள்ள வழியில்லாமல் மண்ணில் ஊற்றிவிட்டு வருவாள். “பிள்ளை பாலை ஊருக்கெல்லாம் ஊத்திட்டு வர்றேன் மதினி” என்று ஒரு நாள் அழுதாள். அதற்கப்புறம், கிளம்புவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த மூடி போட்ட கிண்ணத்தில் பால் எடுத்து வைத்துவிட்டுப் போவாள். உடனே ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் வைத்துவிடுவேன். நான்கு நாள் வரை கெடாது என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு நாள் கூடத் தங்கியதில்லை! அடுப்பில் வைத்துச் சுடவைக்கக்கூடாது. கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, குளிர்ச்சி போனதும் பாலாடையால் புகட்ட வேண்டும். மிச்சத்தைத் திரும்ப எடுத்து வைக்கவே கூடாது.

நான்காவது, தண்ணீர். இதைச் சொல்லப் பெண்கள் கூச்சப்படுகிறோம். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஆடி கழிந்து நாடகம் குறைகிற மாதங்களில் இவளுக்குச் சினிமாவில் சின்னச் சின்ன வேஷம் வரும். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளிலும், தேனிப் பக்கத்து வயல்காடுகளிலும் படப்பிடிப்பு நடக்கும். இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற அத்தை, பஞ்சாயத்தில் பின்னால் நிற்கிற ஆத்தா என்று. விடியற்காலை 4 மணிக்கு வேன் வரும். மேக்கப் போட்டு 7 மணிக்கு உட்கார்ந்தால், இவள் முறை வரச் சாயங்காலம் ஆனாலும் ஆகும். அதுவரை வெயிலில் அதே கண்டாங்கிச் சேலையில் காத்திருக்கவேண்டும். பெரிய நடிகர்களுக்கு வண்டி இருக்கும். இவர்களுக்கு ஒதுங்க இடம் இருக்காது. ஆகவே முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவாள். ஒரு தடவை படப்பிடிப்பு முடிந்து வந்து குளிர் ஜுரம், விலாவில் வலி. நீர்த்தாரையில் கிருமி ஏறிவிட்டது என்றார் டாக்டர். “தண்ணி குடிக்காததும் அடக்கி வச்சதும்தாம்மா காரணம்” என்று கோபித்துக்கொண்டார்.

இப்போது எங்கே போனாலும், இறங்கியதும் முதல் வேலையாக, பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்து, “அக்கா, உங்க வீட்டுப் பின்பக்கம் ஒதுங்கிக்கலாமா?” என்று கேட்டு வைத்துக்கொள்கிறாள். மாட்டேன் என்று சொன்ன வீடு அபூர்வம் என்கிறாள். பெண்ணுக்குப் பெண்தான் புரிந்துகொள்கிறாள். சகோதரிகளே, உங்கள் ஊருக்கும் நாடகமோ படப்பிடிப்போ வந்தால், கதவைத் திறந்து கொடுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோடு குளிர் ஜுரமும் முதுகு, விலா வலியும் வந்தால் கைவைத்தியம் வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

ஐந்தாவது, நாள்காட்டி. அடுக்களையில் மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. நாடகத் தேதிகளைச் சிவப்பு மையால் வட்டம் போடுவோம். மூன்று ராத்திரிக்கு மேல் தொடர்ந்து ஒப்புக்கொள்வதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். பங்குனி உத்திரத்தை ஒட்டி அது முடியாமல் போகும். வாய்ப்பை விட்டால் அடுத்த வருஷம் அந்த ஊர் வேறு ஆளைத் தேடிக்கொள்ளும் என்ற பயம் அவளுக்கு. அதுவும் நியாயம்தானே? எல்லாவற்றுக்கும் என்னிடம் விடை இல்லை. 2025-இல் ஒரு பெரிய இந்தி நடிகை, தாயான பிறகு நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை செய்வேன் என்று கேட்டதாகச் செய்தி வந்து நாடெல்லாம் பேசினார்கள். இவள் பேப்பரைப் படித்துவிட்டுச் சிரித்தாள். “அவங்க கேட்டா நியூஸு. நான் கேட்டா அடுத்த நாள் வேற ஆத்தா!” என்றாள்.

2020-இல் பங்குனி மாதம் கொரோனாவுக்காக ஊரை அடைத்தார்களே, அந்த வருஷம் திருவிழா எல்லாம் நின்று, நாடகமும் இல்லாமல் போயிற்று. கையில் காசில்லை. சாப்பாடு எங்கள் அடுப்பிலேயே ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், ராத்திரி படுத்தால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நாள் 2 மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கொல்லைப்பக்கம் முணுமுணுப்புக் கேட்டது. போய்ப் பார்த்தால், படியில் உட்கார்ந்து மெல்லிய குரலில் வள்ளி வேஷம் பாடிக்கொண்டிருக்கிறாள். எதிரே பிள்ளை கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். “அத்தை, அம்மா ராத்திரி போயி இதுதான் செய்யுதா?” என்று என்னிடம் கேட்டான். “ஆமாடா” என்றேன். “நல்லாயிருக்கு” என்றான். அவள் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள்!

அவன் இப்போது ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வருவான். அம்மா கிளம்புகிற வரை அந்த அரை மணி அவர்கள் இரண்டு பேருக்கும்தான். நான் அந்தப் பக்கம் போவதில்லை. நெற்றியில் தழும்பு சின்னதாக இன்னும் இருக்கிறது. தலை வாரிவிடும்போதெல்லாம் என் விரல் அதில் பட்டுவிட்டு வரும்.

நாடகம்தான் என்றில்லை. உங்கள் வீட்டு மருமகள் நர்ஸாக இருக்கலாம், தங்கை மில்லில் ஷிஃப்டுக்குப் போகலாம். அவள் வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிக்கிறாள் என்று அவளைக் கேட்பதற்கு முன்னால், அவள் தூங்க இந்த வீடு எத்தனை மணி நேரம் விட்டுவைத்திருக்கிறது என்று நம்மை நாமே ஒரு தரம் கேட்டுக்கொள்வோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். “என்ன, இன்னுமா தூங்குறா?”

“மெதுவாப் பேசுங்கக்கா. அவளுக்கு இப்பத்தான் ராத்திரி” என்றேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.