யாரிடம் மன்னிப்புக் கேட்பது?



வகுப்பறையில் அடிக்கடி நிகழும் காட்சி இது. ஒரு மாணவன் இன்னொருவனின் வண்ணப் பென்சில்களை உடைத்து விடுகின்றான். இழந்தவன் அழுகின்றான். "மன்னிப்புக் கேள்!" என்று நாம் அதட்டுகின்றோம். அவனும் உடனே, "சாரி டீச்சர்" என்கின்றான். சிக்கல் தீர்ந்ததென்று பாடத்தைத் தொடர்கின்றோம்.

தீர்ந்ததா? அவன் மன்னிப்புக் கேட்டது யாரிடம்? பென்சிலை இழந்தவனிடமா? பிரம்பு வைத்திருப்பவரிடமா? தஞ்சோங் மாலிமில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கும் நானும் இத்தவற்றைப் பலமுறை செய்திருக்கின்றேன்.

யூதர்களுக்கு யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாள் உண்டு. ஏறத்தாழ 25 மணி நேரம் உண்ணாமலும் நீர் அருந்தாமலும் இறைவனிடம் மன்னிப்பு வேண்டுவர். ஆயினும், ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் அவர்களின் நூல் ஒரு வரம்பு விதிக்கின்றது. இறைவனுக்கு எதிரான பிழையை அந்நாள் போக்கும். சக மனிதனுக்கு இழைத்த பிழையை, அவனைச் சமாதானப்படுத்தும் வரையில் போக்காது! 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் மேலும் தெளிவாக்கினார்: பறித்த பொருளைத் திருப்பித் தந்தாலும் போதாது, நேரில் சென்று மன்னிப்பும் கேட்க வேண்டும். மறுத்தால் மூன்று முறையேனும் செல்ல வேண்டும். மனமார வேண்டுபவனை மன்னிக்காமல் கல்லாய் நிற்பதும் தவறே. அதே சூழல் மீண்டும் வாய்த்தும் அதே பிழையைச் செய்யாதிருப்பவனே முழுமையாகத் திருந்தியவன்.

"யூதர் வழக்கம் நமக்கெதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். நல்ல விதை எந்தத் தோட்டத்தில் விளைந்தால் என்ன?

நம்மிடம் இல்லாததா என்றும் கேட்கலாம். பொறையுடைமையை நாம் கற்பிக்கின்றோம். அது பாதிக்கப்பட்டவனுக்குரிய பாடம். இன்னா செய்யாமையைக் கற்பிக்கின்றோம். அது தீங்கு செய்வதற்கு முன்னர் உரியது. செய்த பின்னர்? சிலம்பில் தவறுணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் துறந்ததை வியந்து சொல்கின்றோம். தவறுணர்ந்த பிள்ளை உயிரோடிருந்து என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்வதில்லை! நன்னெறிக் கல்வித் தேர்வில் 'மன்னிப்புக் கேட்பேன்' என்று எழுதினால் புள்ளி கிடைத்துவிடுகின்றது. அத்தோடு சரி.

இனியாவது ஒன்று செய்வோம். பிழை செய்த பிள்ளையை நம் பக்கம் அல்ல, பாதிக்கப்பட்ட பிள்ளையின் பக்கம் திருப்புவோம். என்ன செய்தான் என்பதை அவனே சொல்லட்டும். உடைத்ததற்கு ஈடாகத் தன் பென்சிலைக் கொடுக்கட்டும். அழுகின்ற பிள்ளையை, "அவன்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டானே, சிரி!" என்று நெருக்காதிருப்போம். மனம் ஆற அதற்கும் நேரம் வேண்டாவா?

இன்னொன்று. செய்யாத குற்றத்திற்காக நாம் ஏசிய பிள்ளைகளும் உண்டல்லவா? உண்மை தெரிந்த பின் எத்தனை பேரிடம், "ஐயா, என் மேல்தான் தவறு" என்று சொன்னோம்? பெரியவர்கள் வாயிலிருந்து ஒருமுறையேனும் கேளாத சொல்லைப் பிள்ளைகள் எங்கிருந்து கற்பார்கள்?

சிந்திப்போம், நம்மிடமிருந்தே தொடங்குவோம்.