காத்து மேல பழி போடாதீங்க!

ரேடியோ விமானம் விடுகிறவர்களிடம் "ஏன் விழுந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "திடீர்னு காத்து தூக்கிடுச்சி." நானும் அப்படிச் சொன்னவன்தான். அந்தப் பொய்யைத் திருத்திக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

போன கோடையில், வற்றிய ஏரியில் எங்கள் குழுவின் விமானம் விழுந்தது பலருக்கும் தெரியும். இறக்கை நீளம் 120 செ.மீ., எடை சுமார் 1 கிலோ. முந்தின நாள் ராத்திரி அதன் இறக்கையில் இருந்த சர்வோ மோட்டாரை மாற்றியது நான். பழைய ஸ்க்ரூ ஓட்டை தேய்ந்திருந்ததால் சர்வோவைத் திருப்பி வைத்து மாட்டினேன். திருப்பி மாட்டினால் இறக்கைத் தகடு அசையும் திசையும் மாறிவிடும். ரிமோட்டில் அதைச் சரி செய்திருக்க வேண்டும். தூக்கம் வந்தது. காலையில பாத்துக்கலாம் என்று படுத்தேன். காலையில் மறந்தே போச்சு.

ஓட்டியது என் நண்பன். கையிலிருந்து கிளம்பியதும் விமானம் லேசாக வலப்பக்கம் சாய்ந்தது. அவன் குச்சியை இடப்பக்கம் தள்ளினான். இன்னும் வலப்பக்கமே சாய்ந்தது. பதறிப்போய் முழுசாகத் தள்ளினான். விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆயாவுக்குப் பத்தடி தள்ளி மண்ணில் குத்தியது.

"ஏம்ப்பா, எம்மேல வுழுந்திருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டார் ஆயா.

"அதான் வுழலையே ஆயா!" என்றோம். சிரித்தோம்.

ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 15 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், 11 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, ஒரு கிலோ படிக்கல்லைத் தலையில் போடுவதும் அதுவும் ஒன்றுதான். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு: உடைத்தவன் காசு கொடுக்கணும். ஓட்டினவன்தானே உடைத்தவன்? நண்பன் 800 ரூபாய் கொடுத்தான். எனக்கு உண்மை தெரியும், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. என் அப்பா சாரத்தில் ஏறி ஒரு நாள் முழுக்கப் பூசு வேலை செய்தால் கிடைக்கிற கூலி அது. எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்? "காத்து தூக்கிடுச்சி" என்று சொல்லிவிட்டேன்.

நான் கேட்பது இதுதான்: இந்தச் சட்டம் எங்களுக்கு ஜாக்கிரதையைக் கற்றுத் தந்ததா, பொய்யைக் கற்றுத் தந்ததா?

இந்த மாதிரி தப்பிச்ச கதைகள் எல்லோரிடமும் இருக்கின்றன. மேசை மேல் பேட்டரியை மாட்டும்போது குச்சியில் கைபட்டு விசிறி சுற்றியது, விரல் தப்பியது. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரிய, தப்பான பக்கம் திருப்பியது. அடிபட்டு உப்பிப்போன லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனது. இதெல்லாம் டீக்கடையில் வீரக்கதையாக வரும். நோட்டில் ஏறாது. அதனால் அடுத்த ஆண்டு ஜூனியர்களும் முதலிலிருந்து பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

பெரிய விமானக்காரர்கள் இப்படி விடவில்லை. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங் மாடல் 299 என்ற விமானம் கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். தரையில் நிற்கும்போது வால் தகடுகள் காற்றில் ஆடாமல் இருக்கப் போடுகிற பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர் கத்துக்குட்டி இல்லை, தேர்ந்த சோதனை விமானி. அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கும் செக் லிஸ்ட் விமானிகளிடம் பழக்கத்துக்கு வந்தது. 1976இல் அதே நாட்டில் நாசா ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. தெரியாமல் தவறு செய்த விமானி தானே முன்வந்து குறித்த நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் பெயர் வெளியே வராது, தண்டனையிலிருந்தும் பெரும்பாலும் தப்பலாம். தண்டனையை விட உண்மைதான் அடுத்த உயிரைக் காப்பாற்றும் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

"காசு கட்ட வேண்டாம்னா எவனுக்குடா பொறுப்பு வரும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆட்கள் தலைக்கு மேல் வேண்டுமென்றே விமானம் விடுகிறவனுக்கு அபராதம் போடுங்கள், ரிமோட்டையே பிடுங்குங்கள். ஆனால் மறதிக்கும் திமிருக்கும் வித்தியாசம் உண்டு. மறதிக்கு மருந்து அபராதம் இல்லை, பழக்கம்.

எனவே பேரவைக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, ஒர்க்‌ஷாப்பில் ஒரு நோட்டுப் புத்தகம். உடைந்ததை மட்டுமல்ல, உடையாமல் தப்பித்ததையும் அதில் எழுத வேண்டும். எழுதினவனுக்குச் செலவு பொதுப் பணத்திலிருந்து. மறைத்தவனுக்குத்தான் சொந்தக் காசு. இரண்டு, கிளம்பும் முன் ஒருவன் படிக்க இன்னொருவன் செய்து காட்டும் பட்டியல். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கைத் தகடு மேலே தூக்குகிறதா? எடை மையம் சரியான இடத்தில் இருக்கிறதா? தள்ளி நின்றாலும் சிக்னல் கிடைக்கிறதா? சிக்னல் போனால் மோட்டார் தானே நிற்கிறதா? சுற்றுமுற்றும் ஆள், ஆடு, மாடு இருக்கிறதா? எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷ வேலை.

இது அச்சுக்குப் போகும் முன் நண்பனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "காசு கெடக்குது விடு. அந்த ஆயாகிட்ட போய்ச் சொன்னியா?" என்றான். 400 ரூபாய் கொடுத்திருக்கிறேன், மீதியைப் பொங்கலுக்குள் தந்துவிடுவேன். ஆயாவை இன்னும் பார்க்கவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலும் இல்லை.

நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் என் பெயரையே எழுதுகிறேன்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்