நீளமான பட்டர் கோல்ஃபைக் கெடுக்குதா?

பட்டர் என்றதும் வெண்ணெய்னு நினைச்சுடாதீங்க. கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடப் பயன்படுத்தும் மட்டைக்குப் பெயர்தான் பட்டர். இந்தத் த்ரெட் அதைப் பற்றி.

"ஓ.பி.யில கூட்டம் இல்லையா டாக்டர், கோல்ஃப் எல்லாம் எழுத வந்துட்டீங்க" என்று கேட்பீர்கள். கூட்டம் இருக்கு. கோல்ஃப் மட்டையை நான் கையால் தொட்டதுகூட இல்லை. நைட் ட்யூட்டி முடிந்து தூக்கம் வராத காலையில் டிவியில் பார்ப்பதோடு சரி. ஆனால் இந்த விவகாரம் பாதி விளையாட்டு, பாதி நரம்பியல். அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் எழுதுகிறேன்.

2016 ஏப்ரல். அமெரிக்காவின் அகஸ்டா மைதானம். மாஸ்டர்ஸ் போட்டியின் முதல் நாள், முதல் குழி. தென்னாப்பிரிக்காவின் எர்னி எல்ஸ் நிற்கிறார். நான்கு மேஜர் பட்டங்கள் வென்ற மனிதர். பந்துக்கும் குழிக்கும் நடுவில் மூன்று அடி தூரம்கூட இல்லை. நம்ம வீட்டுப் பிள்ளைகள் காலால் தட்டியே உள்ளே போட்டுடும்.

தட்டினார். போகவில்லை. மறுபடி தட்டினார். போகவில்லை. அந்தப் புல்தரையில் மட்டும் ஆறு முறை தட்டினார். நான்கு ஷாட்டில் முடிக்க வேண்டிய குழிக்கு 9 ஷாட். பிறகு பேசும்போது, மட்டையைப் பின்னால் இழுக்கவே முடியவில்லை என்றார்.

இதே எல்ஸ் 2012 பிரிட்டிஷ் ஓப்பனை வென்றபோது அவர் கையில் இருந்தது வேறு மட்டை. நீளமானது, மேல் முனையை வயிற்றில் ஊன்றிக்கொண்டு ஆட்டுவது. அப்படி ஊன்றி ஆடுவதை விதி மாற்றித் தடை செய்தார்கள். தடை அமலுக்கு வந்தது 2016 ஜனவரி 1. அகஸ்டாவில் நடந்தது அதற்குப் பிறகு மூன்றே மாதத்தில்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம். சாதாரண பட்டர் 33 முதல் 35 அங்குலம் இருக்கும். குனிந்து நின்று இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துத் தட்ட வேண்டும். வயிறு வரை வருவது பெல்லி பட்டர். நெஞ்சு, தாடை வரை வருவது துடைப்பக்கட்டை பட்டர். கிண்டல் இல்லை, இங்கிலீஷிலேயே அதற்கு அந்தப் பெயர்தான். மேல் கையை நெஞ்சோடு சேர்த்து அசையாமல் வைத்து, கீழ்க் கையால் ஊஞ்சல் மாதிரி தள்ளிவிடுவார்கள்.

குழியின் அகலம் நாலே கால் அங்குலம். 300 கெஜம் பறக்கும் அடியும் ஒரு ஷாட்தான், இரண்டு அடி தூரம் உருட்டுவதும் ஒரு ஷாட்தான். ஆகவே உருட்டத் தெரியாதவன் எவ்வளவு தூரம் அடித்தாலும் வேலைக்கு ஆகாது.

நீள மட்டையைப் பல வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வயசானவங்க, முதுகுவலிக்காரங்க வச்சிருப்பாங்க என்று விட்டுவிட்டார்கள். 2011ல் கீகன் பிராட்லி பெல்லி பட்டரோடு பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்றார். 2012ல் வெப் சிம்ப்சன் யு.எஸ். ஓப்பன், அப்புறம் எல்ஸ். 2013ல் ஆடம் ஸ்காட் துடைப்பக்கட்டையோடு மாஸ்டர்ஸ். ஆறு மேஜரில் நான்கு போயிடுச்சு. அதே மாஸ்டர்ஸில் சீனாவின் குவான் தியான்லாங் என்ற 14 வயதுப் பையன் பெல்லி பட்டரோடு ஆடி, கடைசி நாள் வரை நின்றான். விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. இரண்டும் சும்மா இருக்குமா? 2013 மே மாதம் தடையை உறுதி செய்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிங்க. தடை மட்டைக்கு இல்லை, உடம்பில் ஊன்றுவதற்குத்தான். பட்டருக்கு மட்டும் அதிகபட்ச நீளம் என்று இன்றும் எதுவும் கிடையாது. நெஞ்சில் ஒட்டாமல் ஒரு விரல் தள்ளிப் பிடித்தால் துடைப்பக்கட்டை சட்டப்படி சரி. இது தெரியாமல்தான் "தடை பண்ணின மட்டையை எப்படி எடுத்துட்டு வர்றான்" என்று வருஷா வருஷம் சண்டை. இன்னொரு கூட்டம், நீள மட்டையையே மொத்தமாகத் தூக்கு என்கிறது. அவங்களோடதான் எனக்கு வழக்கு.

இப்போ என் பக்கத்து விஷயத்துக்கு வர்றேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பத்திர எழுத்தர் ஓ.பி.க்கு வந்தார். ஐம்பது வயசு இருக்கும். பேனாவைப் பிடித்து நாலு எழுத்து எழுதியதும் கை முறுக்கிக்கொள்ளும், பேனா தாளைக் கிழிக்கும். சாப்பிடும்போது ஒன்றும் இல்லை, பட்டன் போடும்போது ஒன்றும் இல்லை. எழுதினால் மட்டும். "ஐயா, குடிச்சுட்டு கை நடுங்குதுன்னு ஆபீஸ்ல பேசுறாங்க, நான் தொட்டதே இல்லீங்க" என்றார். நான் பார்த்தேன், கையில் பலம் இருக்கு, உணர்ச்சி இருக்கு, ரிஃப்ளெக்ஸ் சரியா இருக்கு. "டென்ஷன்தான், மனசை லேசா வச்சுக்கோங்க" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அது தப்பு. அவருக்கு இருந்தது ரைட்டர்ஸ் கிராம்ப். குறிப்பிட்ட ஒரு வேலையின்போது மட்டும் வரும் டிஸ்டோனியா. கையை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் மாறி மாறி வேலை செய்யணும். இதில் இரண்டும் ஒரே நேரத்தில் இறுகிவிடும். கோளாறு கையில் இல்லை, அந்த வேலைக்காக மூளை எழுதி வைத்திருக்கும் புரோகிராமில். 19ஆம் நூற்றாண்டில் குமாஸ்தாக்களுக்கு இது வந்தபோது தொழில் நியூரோசிஸ் என்று பெயர் வைத்து மனநோய்ப் பட்டியலில் தள்ளினார்கள். இது டிஸ்டோனியாதான் என்று ஷீஹி, மார்ஸ்டன் இருவரும் கட்டுரை எழுதியது 1982ல். அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து டாக்டரான நான் பழைய தப்பையே செய்திருக்கிறேன்.

ஆறு மாதம் கழித்து அவர் திரும்ப வந்தபோது நியூராலஜிக்கு அனுப்பினேன். அங்கே சொன்ன முதல் யோசனை ரொம்பச் சின்னது. தடிமனான பேனா வாங்குங்க, கட்டை விரலை விட்டுட்டு ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிப் பிடிங்க. முழுசா குணமாகவில்லை. ஆனால் வேலையை விடாமல் ஓட்ட முடிந்தது.

கோல்ஃப்காரர்கள் யிப்ஸ் என்று சொல்வது பல பேருக்கு இதே நோய்தான். தட்டப் போகும் கணத்தில் மணிக்கட்டு வெட்டி இழுக்கும். மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார்கள். சிலருக்கு டிஸ்டோனியா, சிலருக்கு வெறும் பதற்றம், நடுவில் இரண்டும் கலந்தவர்கள். பயந்தால் டிஸ்டோனியா கூடும் என்பது உண்மை. அதற்காகப் பயம்தான் நோய் என்று ஆகிவிடாது.

ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் இதை ஒரு தடவை இல்லை, பல தடவை அனுபவித்தவர். முதலில் பிடியை மாற்றினார். மட்டையின் தண்டை இடது முன்கையோடு சேர்த்து வலது கையால் இறுக்கிப் பிடிக்கும் விநோதமான பிடி. பிறகு 1990களில் நீள பட்டருக்கு மாறினார். 2016 தடைக்குப் பிறகு அதே மட்டையை நெஞ்சிலிருந்து தள்ளிப் பிடித்து ஆடினார். 2023ல் 65 வயதில் யு.எஸ். சீனியர் ஓப்பன் வென்று, சீனியர் டூரில் அதிக வெற்றிகள் என்ற ஹேல் இர்வினின் 45 வெற்றி சாதனையைத் தாண்டினார். லூகாஸ் குளோவர் கதையும் அப்படித்தான். 2009 யு.எஸ். ஓப்பன் சாம்பியன், அப்புறம் பத்து வருஷம் போல யிப்ஸோடு மல்லுக்கட்டியவர். 2023 கோடையில் துடைப்பக்கட்டைக்கு மாறி, ஆகஸ்டில் அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு போட்டிகள் ஜெயித்தார்.

ஏன் வேலை செய்யுது? நீள மட்டையில் இரண்டு கைக்கும் இரண்டு வேறு வேலை. மணிக்கட்டின் சின்னத் தசைகளுக்கு வேலை குறைவு, தோள்தான் ஆட்டுகிறது. மூளைக்கு இது புதிய வேலையாகத் தெரிவதால் கெட்டுப்போன பழைய புரோகிராம் ஓடுவதில்லை. என் பத்திர எழுத்தர் பேனாவை மாற்றிப் பிடித்த அதே வித்தை.

"பதற்றத்தை ஜெயிப்பதுதான் கோல்ஃப், நீள மட்டை அந்தப் பரீட்சையையே எடுத்துடுது" என்பது எதிர்த்தரப்பு வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் நடந்ததைப் பாருங்க. இந்திய வம்சாவளி அமெரிக்கர் அக்ஷய் பாட்டியா இருபது வயதுகளில் துடைப்பக்கட்டை வைத்து ஆடுபவர். 2024ல் டெக்சாஸ் ஓப்பன் ஜெயித்தார். அதே வருஷம் ஜூனில் டெட்ராய்ட் போட்டியின் கடைசிக் குழியில் மூன்று முறை தட்டி, ஒரே ஷாட்டில் பட்டத்தை விட்டார். மட்டை நீளம்தான், பதற்றம் எங்கேயும் போகலையே! நீள மட்டை பயத்தை எடுத்துவிடுவதில்லை. கை சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்பதில் மட்டும்தான் உதவுகிறது. எல்லாருக்கும் சுலபமாகத் தட்ட முடியும் என்றால் டூரில் எல்லாரும் அதையே வைத்திருப்பார்கள். தடை வருவதற்கு முன்பும் பெரும்பாலானவர்கள் குட்டை மட்டைதான் வைத்திருந்தார்கள்.

முதுகு விஷயத்தையும் சேர்த்துக்கோங்க. டிஸ்க் விலகினவர்களுக்கு, மணிக்கணக்கில் குனிந்து பயிற்சி செய்வது என்ன பாடு என்று ஆர்த்தோ வார்டில் கேட்டால் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் டிம் கிளார்க்குக்குப் பிறவியிலேயே முன்கை சரியாகத் திரும்பாது. அவர் நீள மட்டையோடுதான் 2010 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் வென்றார். அவரைப் பார்த்து யாராவது குறுக்கு வழி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அப்போ ஊன்றுவதைத் தடுத்தது தப்பா? இதில் எனக்குள்ளேயே இரண்டு மனசு. பரிசுப் பணத்துக்கு ஆடும் போட்டியில், மட்டை உடம்பில் சாயாமல் கையால் ஆடணும் என்று ஒரு கோடு போடுவது விளையாட்டின் உரிமை. நோயே இல்லாத 14 வயதுப் பையன் ஊன்றி ஆடப் பழகுகிறான் என்றால், அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. யாருக்கு எவ்வளவு லாபம் என்ற கணக்கை வைத்து இல்லை, ஸ்ட்ரோக் என்றால் என்ன என்பதை வைத்துத்தான் முடிவெடுத்தோம் என்று அவர்களே சொன்னார்கள். சரி, ஒப்புக்கறேன்.

ஆனால் அதே விதியை ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆடும் 70 வயதுப் பெரியவருக்கும் போட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. அமெச்சூர்களுக்காவது கூடுதல் அவகாசம் கொடுங்கள் என்று அன்று அமெரிக்காவில் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2023 விதிப்புத்தகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று தனி விதி சேர்த்து, கை கால் இழந்தவர்கள் ஊன்றி ஆட வழி விட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். யிப்ஸுக்கு அதில் இடம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் குறைக்கு ஒரு நியாயம், மூளைக்குள் இருக்கும் குறைக்கு "மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்பது. அன்றைக்கு ஓ.பி.யில் நான் செய்ததும் இதுதான்.

அதனால என் தரப்பு இதுதான்: நீள மட்டை இருக்கட்டும், அது கோல்ஃபுக்கு நல்லது. பெரிய போட்டிகளில் ஊன்றத் தடையும் இருக்கட்டும். டாக்டர் சான்றிதழோடு வருபவருக்கும், சொந்த கிளப்பில் பொழுதுபோக்காக ஆடுபவருக்கும் ஊன்றிக்கொள்ள அனுமதி கொடுங்க. சான்றிதழை வைத்து ஏமாற்றுவார்களே என்று கேட்டால், ஏமாற்றுவார்கள்தான். மெடிக்கல் லீவு சர்டிஃபிகேட் எழுதும் எனக்குத் தெரியாததா!

கோல்ஃபே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒன்று. எழுதும்போது மட்டும், வீணை வாசிக்கும்போது மட்டும், கத்தரி பிடிக்கும்போது மட்டும் கை முறுக்கிக்கொள்கிறது, மற்ற நேரம் நன்றாக இருக்கிறது என்றால் அதை டென்ஷன் என்று நீங்களே முடிவு கட்டாதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நியூராலஜி ஓ.பி. இருக்கும். போகும்போது அந்தப் பேனாவையோ கத்தரியையோ கையோடு எடுத்துட்டுப் போங்க, டாக்டர் முன்னாடி செஞ்சு காட்டுங்க. பிடியை மாற்றுவது, பயிற்சி, தேவைப்பட்டால் போட்டுலினம் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. என்னை மாதிரி ஒருத்தர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தால், "சார், இது டிஸ்டோனியாவா இருக்குமா"ன்னு ஒரு தடவை கேளுங்க.